பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை: ஆன்லைன் நுண்கணிதம், வாசகர் கேள்விகள்

கல்லூரி முதலாண்டு நுண்கணிதத்தை, அதாவது கால்குலஸை, ஆன்லைனில் படிப்பது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளில் சில இங்கே. அச்சு வசதிக்காக மாறியை ‘க’ என்று எழுதியிருக்கிறோம். உங்கள் நோட்டில் எக்ஸ் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. அசைன்மென்ட்டைத் திறந்தால் கை ஓடவில்லை. என்ன செய்ய?
– பி.எஸ்சி. முதலாண்டு மாணவர், உசிலம்பட்டி

அடுத்து எந்த விதியை எடுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கணக்கில் பாதி வேலை. வீடியோவில் அந்தப் பாதியை ஆசிரியர் செய்துவிடுகிறார். மீதிப் பாதி கூட்டல் கழித்தல், அது யாருக்கும் புரியும்.

ஆகவே ஆசிரியர் கணக்கை எழுதி முடித்ததும் வீடியோவை நிறுத்துங்கள். தாளில் நீங்களே போடுங்கள். பத்து நிமிடம் முட்டிப் பார்த்தும் வரவில்லையென்றால் ஒரு வரி மட்டும் ஓடவிட்டு மறுபடி நிறுத்துங்கள். 45 நிமிட வீடியோ இப்படிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுவது சினிமா விமர்சனத்துக்குச் சரி, இதற்குச் சரிவராது. மறுநாள் காலையில் அதே கணக்கை வீடியோ இல்லாமல், வெறும் தாளில் போட்டுப் பாருங்கள். அப்போதும் வந்தால்தான் அது உங்கள் கணக்கு.

இன்னொன்று, வகுப்பில் பக்கத்துப் பையன் சொல்லும் ‘டேய், தப்பு’ ஆன்லைனில் கிடையாது. விடையைச் சோதிக்க நீங்களே ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும். (3க² + 1)⁵ என்பதை வகையிடச் சொன்னால் (டிஃபரன்ஷியேட் செய்யச் சொன்னால்) பலர் 5(3க² + 1)⁴ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சங்கிலி விதிப்படி உள்ளே இருப்பதன் வகைக்கெழு 6க-வையும் பெருக்க வேண்டும். சரியான விடை 30க(3க² + 1)⁴. எது சரி என்ற சந்தேகமா? க = 1 என்று வையுங்கள். சரியான விடை 7,680 தரும், தவறானது 1,280. இப்போது கால்குலேட்டரில் க = 1.001 போட்டு மூலச் சார்பின் மதிப்பைக் கண்டு, க = 1-இல் உள்ள 1,024-ஐக் கழித்து, 0.001-ஆல் வகுங்கள். ஏறத்தாழ 7,707 வரும். 7,680-க்குப் பக்கத்தில் இருக்கிறது, 1,280-க்கு வெகு தூரம். மிச்சமுள்ள சிறு வித்தியாசம் 0.001 என்பது பூஜ்யம் அல்ல என்பதால் வருவது. இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும், எந்த வகைக்கெழுவுக்கும் பொருந்தும்.

தொகையிடலில், அதாவது இன்டக்ரேஷனில், சோதனை இன்னும் சுலபம். வந்த விடையை வகையிட்டுப் பாருங்கள், கேள்வியே திரும்பி வர வேண்டும்.

சூத்திரம் மனப்பாடம். ஆனால் வகைக்கெழு என்றால் உண்மையில் என்ன? பெருமம், சிறுமம் எல்லாம் எதற்கு?
– பொறியியல் முதலாண்டு மாணவி, வாடிப்பட்டி

வைகை அணை நிலவரத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்: நீர்மட்டம் இத்தனை அடி (மொத்தம் 71 அடி), நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை மில்லியன் கன அடி. முதலாண்டு நுண்கணிதத்தின் பெரும்பகுதி அந்த நான்கு வரியில் இருக்கிறது.

உதாரணத்துக்கு, வரத்து 1,500 கன அடி, வெளியேற்றம் 900 என்று வைப்போம். வித்தியாசம் வினாடிக்கு 600 கன அடி. இதுதான் இருப்பின் வகைக்கெழு: இந்த நொடியில் இருப்பு எந்த வேகத்தில் மாறுகிறது என்பது. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. இதே வேகம் நாள் முழுக்க நீடித்தால் இருப்பு 51.84 மில்லியன் கன அடி கூடும். அப்படி நாள் நாளாகக் கூட்டிக்கொண்டே போவதுதான் தொகையிடல்.

மாணவர்கள் சறுக்கும் இடம் இனிமேல்தான். வெளியேற்றம் 900-லேயே நிற்க, வரத்து மட்டும் 1,500, 1,200, 1,000 என்று குறைகிறது. அணை நிறைகிறதா, வடிகிறதா? ‘வரத்து குறைகிறது, அதனால் வடிகிறது’ என்று பாதிப் பேர் சொல்வார்கள். தப்பு. வகைக்கெழு 600, 300, 100 என்று குறைந்தாலும் இன்னும் மிகை எண்தான். அணை நிறைந்துகொண்டேதான் இருக்கிறது, மெதுவாக. முதல் வகைக்கெழு மிகை, இரண்டாம் வகைக்கெழு (வகைக்கெழுவின் வகைக்கெழு) குறை என்பதன் பொருள் இதுவே. வரத்தும் 900-ஐத் தொடும் நொடியில் வகைக்கெழு பூஜ்யம். அதற்குப் பிறகும் வரத்து குறைந்தால் இருப்பு இறங்கத் தொடங்கும். ஆகவே அந்த நொடியில் இருப்பு பெருமம். வகைக்கெழுவைப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தச் சொல்வது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

பூஜ்யம் என்றாலே பெருமம் என்று எழுதிவிடக் கூடாது. 900-ஐத் தொட்ட வரத்து மறுபடி ஏறினால் இருப்பும் தொடர்ந்து ஏறும், பெருமமே இருக்காது. இரு பக்கமும் குறி மாறுகிறதா என்று பார்த்த பிறகே முடிவு.

சங்கிலி விதியும் இதற்குள் உண்டு. அணை மேலே போகப் போக அகலும். ஆகவே அதே 600 கன அடி வித்தியாசத்துக்கு, கீழ்மட்டத்தில் நீர்மட்டம் வேகமாக ஏறும், மேல்மட்டத்தில் மெதுவாக ஏறும். மட்டம் ஏறும் வேகம் வேண்டுமானால், இருப்பு ஏறும் வேகத்தை அந்த மட்டத்தில் உள்ள நீர்ப்பரப்பால் வகுக்க வேண்டும். ‘தொடர்புடைய மாறுவீதம்’ என்று பாடத்தில் வரும் கூம்புத் தொட்டிக் கணக்கு இதே கணக்குதான்.

தமிழ்வழியில் படித்தவன். வீடியோ முழுக்க ஆங்கிலம். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியவில்லை.
– மேலூர் வாசகர்

உங்களுக்குக் குறைவது நூறு சொற்களுக்கும் கீழே. பதினொன்றாம் வகுப்பு அரசுக் கணிதப் பாடநூலின் இரண்டாம் தொகுதியை (அத்தியாயம் 9 முதல் 11 வரை) தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கிப் பக்கத்தில் பக்கம் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கிறது, அத்தியாயமும் கணக்கு எண்ணும் இரண்டிலும் ஒன்றே. அதைவிட நல்ல அகராதி கிடையாது. அடுத்து பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதி, 7 முதல் 10 வரை.

பெரும்பாலானவை நேரடியாகப் பொருந்தும்: லிமிட் எல்லை, டேன்ஜென்ட் தொடுகோடு, நார்மல் செங்கோடு. குழப்புபவை வேறு. டெரிவேட்டிவ் என்பது வகைக்கெழு, டிஃபரன்ஷியல் என்பது வகையீடு. காதுக்கு ஒன்றுபோல் பட்டாலும் முதலாவது வீதம், இரண்டாவது சிறு மாற்றத்தின் அளவு. ஸ்டேஷனரி பாயின்ட் தேக்கநிலைப் புள்ளி, அங்கே வகைக்கெழு பூஜ்யம். கிரிட்டிக்கல் பாயின்ட் மாறுநிலைப் புள்ளி, அதில் வகைக்கெழுவே இல்லாத புள்ளிகளும் சேரும். ‘க’-வின் மட்டு மதிப்பை வரைந்தால் பூஜ்யத்தில் கூர்முனை வருமே, அதுபோல. மீப்பெரு மதிப்பு கேட்கும் கணக்கில் இந்தக் கூர்முனையையும் இடைவெளியின் இரு ஓரங்களையும் விட்டுவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

சரியான விடையைத்தான் தட்டச்சு செய்கிறேன். கணினி ‘தவறு’ என்கிறது!
– திருமங்கலம் வாசகி

பெரும்பாலும் அடைப்புக்குறிதான் காரணம். 1/2க என்று அடித்தால் பல மென்பொருள்கள் ‘அரை பெருக்கல் க’ என்று படிக்கும். நீங்கள் நினைத்தது 1/(2*க). அடுக்கில் 2க வர வேண்டிய இடத்தில் அடைப்பில்லாமல் அடித்தால் 2 மட்டும் அடுக்கில் ஏறும், க கீழே இறங்கிவிடும். சைன் வர்க்கத்தை நோட்டில் எழுதுவதுபோல் அடிக்காமல் (சைன்(க))^2 என்று அடியுங்கள். ‘லாக்’ என்பது சில தளங்களில் இயல் மடக்கை, சிலவற்றில் 10 அடிமான மடக்கை. தளத்தின் உதவிப் பக்கத்தில் முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பாகை, ரேடியன். கால்குலேட்டர் ரேடியனில் இருக்கையில் சைன் 30 அடித்தால் 0.5 வராது, −0.988 வரும். நுண்கணிதம் முழுக்க ரேடியன்தான். சைனின் வகைக்கெழு கொசைன் என்பதே ரேடியனில் மட்டும்தான் உண்மை. பாகையில் அளந்தால் பை/180, அதாவது சுமார் 0.01745, கூடவே பெருக்கமாக வந்து நிற்கும்.

இரண்டு தசமம் கேட்டால் கடைசிப் படியில் மட்டும் முழுமையாக்குங்கள். நடுவில் முழுமையாக்கினால் பிழை வளர்ந்துவிடும். வரையறாத் தொகையில் கடைசியில் வரும் மாறிலியை (+ சி) விடாதீர்கள்.

மகள் என்.பி.டி.இ.எல். பாடத்தில் சேர்ந்திருக்கிறாள். கல்லூரி மதிப்பெண்ணில் அது சேருமா?
– ஒரு தாயார், கே.கே. நகர், மதுரை

சேரலாம், ஆனால் தானாகச் சேராது. 2021 யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் (மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம், ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இதில்தான் வருகின்றன) வழியே படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். எந்தப் பாடத்துக்கு ஈடாக எது என்பதைக் கல்லூரியே முடிவு செய்யும். பாடத்திட்டத்தை அச்செடுத்துத் துறைத் தலைவரிடம் காட்டி, சேருவதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள். தேர்வு முடிந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

பாடத்தில் சேருவது இலவசம். தேர்வுக்குத் தனிப் பதிவு, தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. ‘சேர்ந்துதான் இருக்கிறேனே’ என்று இந்தத் தேதியைத் தவறவிடுவது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். மதிப்பெண்ணில் அசைன்மென்ட் 25, தேர்வு 75. சான்றிதழுக்கு முன்னதில் 10, பின்னதில் 30, இரண்டும் தனித்தனியாகத் தேவை. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நான்கை விடலாம் என்பதற்காக எல்லையும் தொடர்ச்சியும் வரும் முதல் வாரங்களை விட்டால் பின்னால் எதுவும் நிற்காது.

சான்றிதழ் வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் 18.01 என்ற நுண்கணிதப் பாடம் ஆன்லைனில் இலவசம். வீடியோ, குறிப்பு, கணக்கு, விடை, பழைய தேர்வு எல்லாம் உண்டு. திருத்தித் தர மட்டும் ஆளில்லை.

பள்ளிக் கணக்கை விட்டு எட்டு வருஷம். நேரே கால்குலஸில் இறங்கலாமா?
– அலங்காநல்லூர் வாசகர்

இருபது நிமிடம் ஒதுக்கி, கால்குலேட்டர் இல்லாமல் இவற்றைப் போடுங்கள். (க + ச)³-ஐ விரித்து, க³-ஐக் கழித்து, ச-வால் வகுக்கவும். 1/(க + ச) − 1/க என்பதை ஒரே பின்னமாக்கவும். (1, 2), (3, 8) புள்ளிகள் வழியே செல்லும் கோட்டின் சாய்வு என்ன? 30 பாகை எத்தனை ரேடியன்? 2-ஐ அடிமானமாகக் கொண்டு 8-இன் மடக்கை என்ன?

விடைகள்: 3க² + 3கச + ச², −ச/(க(க + ச)), 3, பை/6, 3. நான்கு சரியென்றால் இறங்கலாம். முதல் இரண்டும் தவறினால் மூன்று வாரம் இயற்கணிதம் மட்டும் பாருங்கள். நுண்கணிதத்தில் விழும் அடியில் பாதி அங்கிருந்து வருவது. √(க² + 9) என்பதை க + 3 என்று எழுதும் பழக்கம் இருந்தால் இப்போதே விடுங்கள். க = 4 போட்டுப் பாருங்கள், 5-க்கு பதில் 7 வரும்.

போட்டோ எடுத்தால் விடை போட்டுத்தரும் செயலி பயன்படுத்தலாமா?
– மேலூர், மதுரையிலிருந்து இருவர்

நீங்கள் போட்டு முடித்த பிறகு, எந்த வரியில் பிரிந்தீர்கள் என்று ஒப்பிட மட்டும். தேர்வு மையத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.