மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கோர்ட் பதிவில் எப்படிப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் புரோநோட்டில் கொடுத்திருக்கிறீர்கள். எழுதி இரண்டரை வருடம் ஆகிறது. இப்போது அவர் 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார், இனி பணம் வராது' என்று, அதாவது கோர்ட்டில் திவால் மனுப் போட்டுவிட்டார் என்று, ஊரில் பேசுகிறார்கள். அது உண்மையா, கோர்ட் பதிவில் எங்கே பார்ப்பது, பார்த்தால் என்ன புரிந்துகொள்வது?

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் குடும்பம் ஒருமுறை ஏமாந்திருக்கிறது, இன்னொருமுறை சுதாரித்திருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

2011 டிசம்பரில் அப்பா ஒரு நூல் வியாபாரிக்கு 3 லட்சம் கொடுத்தார். 2013இல் கோர்ட்டிலிருந்து ஐ.பி. (இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு) நோட்டீஸ் வந்தது. அப்பா அதைப் படித்தார், மடித்தார், பீரோவில் வைத்தார். 'அவ்வளவுதான், திவால் ஆயிட்டான்' என்று அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான்கு வருடம் கழித்து, 2017இல், வேறு ஏதோ தேடும்போது அந்த நோட்டீஸ் கையில் கிடைத்தது. எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த மனு 2015லேயே தள்ளுபடி ஆகியிருந்தது. மனு போட்டவரே வாய்தாவுக்கு வராததால் தள்ளுபடி. அதாவது அவர் சட்டப்படி ஒருநாளும் திவால் ஆகவே இல்லை. ஆனால் எங்கள் புரோநோட்டின் காலம் முடிந்துவிட்டது. நோட்டீஸைக் கண்டு நாங்கள் சும்மா இருந்தோம். பணம் போனது அதனால்தான்.

சரி, தேடுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எந்தக் கோர்ட் என்று தெரிய வேண்டும். தனி ஆள் அல்லது கூட்டு வியாபாரம் என்றால், சென்னைக்கு வெளியே 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. மனு சார்பு நீதிமன்றத்தில், அதாவது சப் கோர்ட்டில் போகும். சென்னை நகரம் என்றால் 1909ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம், அங்கே திவாலானவர் சொத்தைப் பொறுப்பேற்கும் அபிஷியல் அசைனி அலுவலகம். 2016இல் புதிய திவால் சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். அது கம்பெனிகளுக்கு வந்துவிட்டது. தனி ஆட்களைப் பொறுத்தவரை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஆள் பிரைவேட் லிமிடெட் பெயரில் கடன் வாங்கியிருந்தால் வழியே வேறு: தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் தேட வேண்டும், திவால் வாரியத்தின் இணையதளத்தில் பொது அறிவிப்பும் வந்திருக்கும். புரோநோட்டில் அவர் தன் பெயரில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன், அதனால் சப் கோர்ட் வழியையே விரிவாகச் சொல்கிறேன்.

இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் 'கேஸ் ஸ்டேட்டஸ்' பகுதிக்குப் போங்கள். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரைப் போட்டு, வருடத்தைக் கொடுத்துத் தேடலாம். காசு கிடையாது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் 'ஒன்றும் இல்லை' என்று திரும்பிவிடுகிறார்கள். அதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, பெயர். பதிவு ஆங்கிலத்தில் இருக்கும். முருகேசன் என்ற பெயரை நடுவில் 'ஜி' போட்டும் எழுதுவார்கள், 'கே' போட்டும் எழுதுவார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும். முழுப்பெயரைப் போடாதீர்கள். முதல் நான்கு எழுத்து மட்டும் போட்டு, வரும் பட்டியலில் 'ஐ.பி.' என்று தொடங்கும் எண்களை மட்டும் பாருங்கள். பெயர் கைகொடுக்காவிட்டால், சட்டத்தின் பெயரை வைத்துத் தேடும் வசதியும் அங்கேயே உண்டு.

இன்னொன்று, ஊர். கடன் வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலும் மனுப் போடலாம், தொழில் செய்யும் இடத்திலும் போடலாம். கடை ஈரோட்டில் இருக்கும், வீடு கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும். நீங்கள் ஈரோட்டில் தேடிவிட்டு இல்லை என்று நினைப்பீர்கள், மனு கோபியில் இருக்கும். இரண்டு வளாகத்திலும் தேடுங்கள். முடிந்தது, நிலுவை என்று இரண்டு வகையிலும் தேடுங்கள். முடிந்துபோன மனுவில்தான் எங்கள் அப்பா விஷயம் ஒளிந்திருந்தது.

இரண்டு இடத்திலும் இல்லை, ஆனால் உங்கள் கையில் ஒரு நோட்டீஸ் இருக்கிறது என்றால், அது யார் அனுப்பியது என்று பாருங்கள். கோர்ட் முத்திரை, ஐ.பி. எண், வாய்தா தேதி மூன்றும் இருந்தால்தான் கோர்ட் நோட்டீஸ். வெறும் வக்கீல் நோட்டீஸில் 'என் கட்சிக்காரர் கடன்களைக் கட்ட முடியாத நிலையில் இருக்கிறார்' என்று இருந்தால் வழக்கே இன்னும் இல்லை. ஊரில் இரண்டையுமே மஞ்சள் நோட்டீஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

இப்போது பதிவைப் படிப்பது. என் அனுபவத்தில் கண்டுபிடிப்பதைவிட இதுதான் கடினம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மனு போட்டது வேறு, திவால் என்று கோர்ட் அறிவிப்பது வேறு. பக்கத்தில் வாய்தாக்களின் வரலாறு வரும். நோட்டீஸ், கவுன்டர் (பதில் மனு), என்கொயரி (விசாரணை), ஆர்டர் (உத்தரவு) என்று ஒவ்வொரு நாளுக்கும் நிலை போட்டிருக்கும். ஆர்டர் வராதவரை அவர் மனுதாரர் மட்டுமே. அதுவரை நீங்கள் பணத்துக்கு வழக்குப் போட இந்தச் சட்டம் தடையில்லை. கோர்ட் அவரை இன்சால்வென்ட் (திவாலானவர்) என்று அறிவித்த பிறகுதான் கோர்ட் அனுமதி இல்லாமல் புது வழக்குப் போட முடியாது. அவர் சொத்து, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போகும். அறிவிப்பு வந்தாலும் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவரின் உரிமை அப்படியே இருக்கும். சேர்ந்து கையெழுத்துப் போட்டவரும் ஜாமீன் நின்றவரும் தப்ப முடியாது. உங்கள் புரோநோட்டில் இரண்டாவது கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

'டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்' என்று இருந்தால் ஆள் வரவில்லை, மனு விழுந்தது என்று பொருள். 'அலவ்ட்' என்றால் அறிவிப்பு ஆகிவிட்டது. அந்த உத்தரவில் ஒரு காலக்கெடு இருக்கும், அதற்குள் அவர் கடன்களிலிருந்து விடுவிப்புக் கேட்டு மனுப் போட வேண்டும். போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். உங்கள் பெயருக்கு எதிரே 'எக்ஸ்பார்ட்டி' என்று இருந்தால் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்துசேர்ந்தும் நீங்கள் போகாமல் இருந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை நீக்கச் சொல்லி உடனே மனுப் போட வேண்டும்.

இணையத்தில் வாய்தாவும் உத்தரவும்தான் கிடைக்கும். மனு கிடைக்காது. ஆனால் உண்மையான விஷயம் மனுவில்தான் இருக்கிறது. யார் யாருக்கு எவ்வளவு கடன், என்னென்ன சொத்து என்று இரண்டு அட்டவணை அதில் இருக்கும். கடன் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் எதிர்மனுதாரர், சாதாரண நகல் மனு போதும். பெயர் இல்லை என்றால் ஏன் தேவை என்று சொல்லி உறுதிமொழிப் பத்திரத்தோடு மூன்றாம் தரப்பு நகல் மனுப் போட வேண்டும். வக்கீல் குமாஸ்தாக்களுக்கு இந்த வேலை தண்ணீர்பட்ட பாடு. ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் கட்டைத் தேடிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

2019இல் மாமாவுக்கு இதே மாதிரி நோட்டீஸ் வந்தது. 'நோட்டீஸ் வந்துட்டா அவ்வளவுதான்னு சொல்றாங்களே கண்ணு' என்றார். 'இல்லைங்க மாமா, முதல்ல நகலை வாங்குவோம்' என்றேன். நகல் வந்தது. சொத்து அட்டவணையில் வீட்டுச் சாமான் தவிர ஒன்றுமில்லை. அந்த ஆள் சொந்த வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். மனு போடுவதற்கு எட்டு மாதம் முன்னால் வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதியிருந்தார். அந்தச் சட்டத்தின் 53ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் விலை வாங்காமல் எழுதிக்கொடுத்த சொத்தை ரிசீவர் கேட்டு ரத்துசெய்ய வைக்கலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில் கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்திருந்தால் அதற்கு 54ஆம் பிரிவு. மாமா அந்த வில்லங்கச் சான்றை இணைத்து கவுன்டர் போட்டார். அடுத்த இரண்டாவது வாய்தாவில் எதிர்த் தரப்பு வக்கீலே பேச வந்தார். அசலில் முக்கால் பங்கு மூன்று தவணையாக வந்தது. எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். வில்லங்கத்தில் ஒன்றும் இல்லாமல், உண்மையிலேயே தொழில் நொடித்துப்போன மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தச் சட்டம். அப்படி ஒருவர் என்று பதிவில் தெரிந்தால் கடுமை காட்டாமல் உங்கள் பங்குக்கு மட்டும் நில்லுங்கள்.

அந்தப் பங்குக்கும் தானாக வழி பிறக்காது. அறிவிப்புக்குப் பிறகு, கடனை நிரூபிக்கும் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தவர்கள் பெயர்தான் கடன் கொடுத்தவர்களின் கோர்ட் பட்டியலில் ஏறும். மனுவின் அட்டவணையில் பெயர் இருக்கிறதே என்று இருந்துவிட்டால் ரிசீவர் சொத்தை விற்றுப் பிரிக்கும்போது உங்களுக்கு எதுவும் வராது.

கடைசியாக உங்கள் தேதிக்கு வருகிறேன். கொடுத்தவர் கேட்கும்போது திருப்பித் தருவதாக வாங்கியவர் எழுதும் வழக்கமான புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடம்தான். இடையில் வட்டி கட்டி அவர் கையெழுத்தோடு வரவு வைத்திருந்தால் அந்த நாளிலிருந்து மறுபடி எண்ணலாம். ஐ.பி. மனு நிலுவையில் இருப்பதால் மட்டும் இந்தக் காலம் நிற்காது. திவால் அறிவிப்பு வந்து பிறகு அது ரத்தானால்தான் இடைப்பட்ட நாட்களைக் கழிக்க முடியும். எங்கள் விஷயத்தில் அறிவிப்பே வரவில்லை, அதனால் ஒருநாள்கூடக் கழியவில்லை. அவர் மனுவில் கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்டிருப்பது காலவரம்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி புதிய ஒப்புதலாகுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதற்கும் அந்த நகல் தேவை. எங்களுக்கு இது தெரிந்தபோது அந்தக் கணக்கில்கூட மூன்று வருடம் தாண்டியிருந்தது.

உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. இன்றைக்கு ராத்திரி ஈரோடு, கோபி இரண்டிலும் தேடிப் பாருங்கள். எண் கிடைத்தால் நாளைக்கே நகல் மனு. கிடைக்காவிட்டால் புரோநோட்டை எடுத்துக்கொண்டு நேராக வக்கீலிடம் போய் வழக்கைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.