முதலில் அனுமதிக் கடிதம், அப்புறம் விண்ணப்பம்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 1984-ல் காலமான ஒரு தமிழ் எழுத்தாளரின் சிறுகதையை ஆங்கில மியூசிக்கலாக (பாடல்களோடு கதை சொல்லும் மேடை நாடகம்) எழுதிவருகிறேன். கதை வசனமும் பாடல் வரிகளும் நான். இசை என் நண்பர். முதல் அங்கமும் ஆறு பாடல்களும் தயார். எழுத்தாளரின் மகன் போனில் “தாராளமா பண்ணுங்க” என்று சொல்லிவிட்டார். எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது, நண்பர் எச்-1பி விசாவில் இருக்கிறார். எந்த கிராண்டுக்கு (நிதியுதவி), எப்படி விண்ணப்பிப்பது?
— வாசகி, எடிசன்

பதில்: ஒரு அங்கமும் ஆறு பாடல்களும் கையில் இருப்பது நல்ல நிலை. ஆனால் விண்ணப்பப் படிவத்தைத் திறக்கும் முன் அந்த போன் பேச்சை எழுத்தில் வாங்குங்கள். இந்தியப் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். உங்கள் கதைக்கு அது 2044 முடியும் வரை. ஏற்கெனவே வெளிவந்த படைப்பைத் தழுவியதென்றால் உரிமைக்கான ஆதாரத்தை விண்ணப்பத்தோடு கேட்பார்கள். அது இல்லாவிட்டால் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் படிக்கமாட்டார்கள்.

மகன் ஒருவரின் கையெழுத்து போதுமா என்றும் பாருங்கள். உயில் இல்லையென்றால் மற்ற பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கும், எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கடிதத்தில் கதையின் பெயர், மேடை மியூசிக்கலாகத் தழுவும் உரிமை, எந்த மொழிகளில், எந்த நாடுகளில், எத்தனை மாதங்களுக்கு, பின்னால் ராயல்டி வந்தால் அவர்களுக்கு எவ்வளவு என்பதெல்லாம் இருக்கட்டும். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர் என்றால் இந்தச் சிக்கலே இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கியது அமெரிக்க மேடைக்கும் செல்லும் என்று தானாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் பழைய படைப்புகளுக்குப் பெரும்பாலும் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுக் கணக்கு.

அடுத்து உங்கள் இருவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். அமெரிக்க நாடக எழுத்தாளர் சங்கமான டிராமடிஸ்ட்ஸ் கில்டில் உறுப்பினரானால் மாதிரி ஒப்பந்தம் கிடைக்கும். வழக்கமான பங்கு கதை வசனம், வரிகள், இசை மூன்றுக்கும் சமமாக மூன்றில் ஒன்று. அதன்படி உங்களுக்கு இரண்டு பங்கு, நண்பருக்கு ஒன்று. கிராண்ட் பணத்தையும் இதே விகிதத்தில் பிரிப்பதா, பாதிப் பாதியா என்பதை இப்போதே எழுதுங்கள். ஒருவர் நடுவில் விலகினால் பாடல்கள் யாருடையவை என்பதையும் எழுதுங்கள். பணம் வந்த பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நட்பு கெடும்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதற்கு, அந்தப் பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஜோனதன் லார்சன் கிராண்ட் ஆளுக்குத் தரப்படுவது. தொடக்கநிலையில் உள்ள இசையமைப்பாளர், பாடலாசிரியர், கதை வசனகர்த்தா ஆகியோரை ஊக்குவிக்க அமெரிக்கன் தியேட்டர் விங் என்ற நாடக அமைப்பு வழங்குகிறது. அதற்கு ஒரு நாடகத்தின் தயாரிப்புத் திட்டம் முக்கியமல்ல, உங்கள் கைவண்ணம்தான் முக்கியம். ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் விருது நேர்மாறானது. ஒரு குறிப்பிட்ட மியூசிக்கலை நியூயார்க்கின் லாப நோக்கற்ற அரங்கம் ஒன்றில் மேடையேற்றவோ வாசிக்கவோ உதவும் பணம் அது. மேலே சொன்ன கிராண்டுக்குப் பெயர் தந்த லார்சனின் ‘ரென்ட்’ மியூசிக்கல் 1994-ல் நியூயார்க் தியேட்டர் ஒர்க்ஷாப் என்ற அரங்கத்தில் ஸ்டுடியோ தயாரிப்பாக (சிறிய அளவிலான முன்னோட்ட மேடையேற்றம்) வந்ததற்குக் கைகொடுத்தது அந்த விருதுதான். ஆனால் அதற்கு அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். நண்பருக்கு கிரீன் கார்டு வரும்வரை அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. மேலும், வேலை தரும் நிறுவனத்துக்கு வெளியே சம்பாதிப்பதற்கு எச்-1பி-யில் கட்டுப்பாடு உண்டு. எந்தப் பணத்துக்கும் அவர் கையெழுத்திடும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்கட்டும்.

கிளீபன் பரிசை உங்களுக்காகத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாடலாசிரியர் எட்வர்ட் கிளீபனின் உயில்வழி உருவானது. இசைக்குக் கிடையாது, வரிகளுக்கும் கதை வசனத்துக்கும் மட்டும். இரண்டு ஆண்டுகளில் 1,00,000 டாலர் என்பதால் போட்டி கடுமை. தொழில்முறைப் பட்டறை ஒன்றில் உறுப்பினராக இருப்பது இங்கே உதவும். 1961 முதல் நியூயார்க்கில் நடக்கும் பி.எம்.ஐ. லேமன் எங்கல் பட்டறைக்குக் கட்டணம் இல்லை; எடிசனிலிருந்து ரயிலில் போய்வரலாம்.

இனி, ஜெயிப்பதும் தோற்பதும் முடிவாகிற இடம்: மாதிரிப் பாடல்கள். ஆறையும் அனுப்பாதீர்கள். விதிமுறை மூன்று என்றால் மூன்றே. கதாநாயகிக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் பாடல் ஒன்று, பலர் சேர்ந்து பாடுவது ஒன்று, வேகத்திலும் மனநிலையிலும் இவற்றிலிருந்து விலகிய ஒன்று. மூன்றும் மெதுவான சோகப் பாட்டாக இருந்தால் உங்களுக்கு ஒரு சாயல்தான் தெரியும் என்று நடுவர் முடிவுகட்டிவிடுவார். பியானோவும் குரலும் போதும். கம்ப்யூட்டர் ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், அது வரிகளை மூடிவிடும். குரலையும் பியானோவையும் தனித்தனி டிராக்கில் பதிந்து, குரலை ஒரு படி தூக்கி வையுங்கள். பிறகு வரிகளைப் பார்த்திராத ஒருவரை போன் ஸ்பீக்கரில் கேட்கவிட்டு, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். தவறிய சொற்கள் இருக்கும் இடத்தில் மெட்டின் அழுத்தம் சொல்லின் அழுத்தத்தோடு மோதுகிறது என்று பொருள். தமிழ்ச் சந்தத்துக்குப் பழகிய காது ஆங்கில வரி எழுதும்போது இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்கும்.

ஒவ்வொரு பாடலுக்கும் முன் மூன்று வரிக் குறிப்பு: பாடுவது யார், சற்று முன் நடந்தது என்ன, பாட்டு முடியும்போது எது மாறியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால் அந்தப் பாட்டை மாற்றுங்கள். ஸ்கிரிப்டில் பாடல் வரிகளை முழுக்கப் பெரிய எழுத்துகளில், உள்தள்ளி அடிப்பது அங்குள்ள மரபு. தமிழ் வரி வந்தால் பக்கத்திலேயே ஒலிபெயர்ப்பும் நேர்ப்பொருளும் கொடுங்கள். ராக விளக்கம் வேண்டாம், அது காதுக்கு எட்டட்டும். பெயர் மறைத்து அனுப்பச் சொல்லும் போட்டிகளில் பி.டி.எஃப். பண்புகளிலும் எம்.பி.3 டேக்கிலும் உங்கள் பெயர் ஒட்டியிருக்கும், பார்த்து நீக்குங்கள்.

சுயகுறிப்பில் சிறுவயதுக் கலை ஆர்வம் எல்லோரும் எழுதுவதுதான். நாடகம் இன்று எந்த நிலையில் இருக்கிறது, இந்தப் பணத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எழுதுங்கள். உதாரணமாக, இரண்டாம் அங்கம் முடிந்ததும் ஒரு ‘29 மணிநேர வாசிப்பு’, அதாவது நடிகர்கள் ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தும் பாடியும் காட்டுவது. நடிகர் சங்கமான ஈக்விட்டியின் ஏற்பாடு அது. ஒத்திகையும் நிகழ்வும் சேர்த்து 29 மணிநேரத்துக்குள், இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். பட்ஜெட்டில் நடிகர்கள், இசை இயக்குநர், பியானோ கலைஞர், மேடை மேலாளர், ஒத்திகை அறை வாடகை, இசைக்குறிப்புப் பிரதிகள் எல்லாம் தனித்தனி வரியாக வரட்டும். உங்கள் இருவரின் எழுத்துக்கூலியையும் போடுங்கள். கூச்சப்பட்டு அதை விட்டுவிட்டால், வேலையின் அளவே தெரியாதவர் என்றுதான் படும். ‘இதர செலவு’ என்று பெரிய தொகை போட்டாலும் அப்படியே.

கிடைக்கும் தொகை பெரும்பாலும் வருமானமாகவே கணக்கில் வரும். காசோலை வந்த அன்றே வரிக்கென்று ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவையுங்கள்.