இரசாயனத்தை விட்டு ஐசிடி எடுத்தால் இன்ஜினியர் ஆகலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். கணக்கு நன்றாக வரும், இரசாயனம் என்றால் ஓடுகிறான். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியலோடு இரசாயனவியலுக்குப் பதில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்தால் கம்பியூட்டர் இன்ஜினியர் ஆகலாம் என்று ரியூசன் வகுப்புக்கு ஆள் சேர்க்க வந்தவர் சொல்கிறார். நம்பலாமா?"

பாதியை நம்பலாம். அந்தப் பாடச் சேர்க்கை இருக்கிறது, அனுமதியும் உண்டு. 'இன்ஜினியர்' என்ற சொல்லில்தான் வந்தவர் விளையாடிவிட்டார்.

மொறட்டுவை, பேராதனை, கிளிநொச்சியில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் என்று எங்கே போனாலும், பொறியியல் பட்டத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். மொறட்டுவையில் கணினிப் பொறியியலும் அந்தப் பீடத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே நாள் முழுக்கக் கணினியோடு இருக்கப்போகிற பிள்ளையும் இரசாயனம் படித்துத்தான் உள்ளே போகலாம். இதில் என்ன நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஐசிடியில் 'ஏ' எடுத்த ஒரு பிள்ளை முடிவு வந்த பிறகுதான் இதை அறிந்து என் முன்னால் அழுதது. அதன் வகுப்பிலும் இதே கதையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அதே நேரம், மென்பொருள் எழுதிப் பிழைக்க அந்தப் பீடம் தேவையில்லை. றீட் அவென்யூவில் கொழும்புப் பல்கலைக்கழகம் நடத்தும் கணினி விஞ்ஞானப் பட்டம் போன்றவற்றுக்கு கணிதம், பௌதிகவியல், ஐசிடி படித்த பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். முடித்து வேலைக்குப் போனால் கம்பனி அட்டையில் 'சொப்ட்வேர் இன்ஜினியர்' என்றுதான் அடித்துக் கொடுப்பார்கள். மகன் விரும்புவது அதுதான் என்றால் இரசாயனத்தை விடலாம். பாலம் கட்டவோ மின்சாரத் துறைக்குப் போகவோ சின்ன ஆசையாவது இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படிக்கட்டும்.

அடுத்த பொய், "ஐசிடி லேசு, மார்க்ஸ் அள்ளலாம்." 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. உங்கள் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். எல்லோரும் அள்ளினால் அள்ளியதற்கு மதிப்பில்லை. அதிலும் கொழும்பு மாவட்டத்துப் போட்டி உங்களுக்கே தெரியும்.

லேசு என்பதும் உண்மையில்லை. முதல் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். இரண்டாவது மூன்று மணித்தியாலம். கணினியைத் தொடாமல், பைதன் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலைக் கடதாசியில் வரி வரியாகப் பின்தொடர்ந்து விடை சொல்ல வேண்டும். கேம் விளையாடுவதில் கெட்டிக்காரன் என்பது இங்கே உதவாது. அப்புறம் மொழி. வகுப்பில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சொல்லில் சொல்லிவிட்டுப் போவார்கள், தமிழ் வினாத்தாளோ 'தர்க்கப் படலை' என்று கேட்கும். லொஜிக் கேட்தான் அது என்று பரீட்சை மண்டபத்தில் யார் சொல்லித் தருவது? மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஐசிடி வளநூல் தமிழில் இருக்கிறது, இணையத்தில் இலவசம். அதையே ஃபோட்டோகொப்பி போட்டு 'எங்கள் நோட்ஸ்' என்று காசுக்கு விற்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது? எந்தப் பாடத்துக்கு எந்தப் பட்டம் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கைநூல் வெளியிடுகிறது. கூத்து என்னவென்றால், அந்த ஆண்டுக் கைநூல் கைக்கு வருவது உயர்தர முடிவுக்குப் பிறகு. பாடத்தைத் தெரிவதோ அதற்கு இரண்டு வருடத்துக்கு மேல் முன்னால்! ஆகவே கடைசியாக வந்த கைநூலை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எடுத்து, மகனோடு உட்கார்ந்து கணினிப் பட்டங்களின் தகைமைகளை வாசியுங்கள். ஆள் சேர்க்க வருபவர் மறுபடி வந்தால், தான் சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டட்டும். அதுவரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.

பாடசாலையிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்: கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஐசிடி கற்பிக்க அங்கே ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது நேரசூசியில் மட்டும்தான் பாடம் இருக்கிறதா?