பதான்: சல்மான் ரயில் காட்சிக்காகப் பழைய படங்களைப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். ஷாருக் கான் நடித்த இந்திப் படமான 'பதான்' (2023) கதை தனியாகவே புரியும். நீங்கள் கேட்ட, சல்மான் கான் டைகராக வந்து போகும் ரயில் காட்சிக்கு மட்டும்தான் முன்கதை உண்டு.

தியேட்டரே விசிலடித்த இடத்தில் உங்களுக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், டைகரை நீங்கள் முன்பே சந்திக்காததுதான் காரணமாக இருக்கும். 2012, 2017 என இதற்கு முந்தைய இரண்டு படங்களில் வந்த உளவாளி அவர். ரயில் கூரையைப் பிய்த்துக்கொண்டு குதிப்பதும், சண்டைக்கு நடுவே காபியும் வலி மாத்திரையும் நீட்டுவதும் அந்த அறிமுகத்தை நம்பி எழுதியவை. பதானின் மேலதிகாரி கர்னல் லூத்ராவும் 'வார்' (2019) படத்திலிருந்து வந்தவர்தான், ஆனால் அவரைத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஒன்று செய்து பாருங்கள். ஓடிடியில் பெயர்கள் ஓடும்போது அடுத்த படத்துக்குத் தாவிவிடும். அதை நிறுத்திக் கடைசிவரை ஓட விடுங்கள். ஷாருக்கும் சல்மானும் பாலத்தில் உட்கார்ந்து, ஓய்வு பெறலாமா என்று பேசிக்கொள்ளும் காட்சி வரும். முப்பது வருடமாக நாயகர்களாக இருக்கும் இருவர் தங்களைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் படத்தில் மிகப் பிடித்த இடம் அது. அதைப் பார்த்த பிறகு ரயில் காட்சியைத் திரும்பப் போடுங்கள்.

ஆனால் ஒன்று: கிளைமாக்ஸில் முதுகில் எந்திரம் கட்டிப் பறக்கும் சண்டை உங்களை உறுத்தியிருந்தால், எந்த முன்கதையும் உதவாது. அங்கே கிராபிக்ஸ் நிஜமாகவே சொதப்பல். உறைந்த பைக்கால் ஏரித் துரத்தலில் இருக்கும் வேகமும் கனமும் அதில் இல்லை.