‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

சுரங்கம், துறைமுகம் போன்ற திட்டங்களுக்கான கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பெரும்பாலும் கூச்சலில்தான் முடிகின்றன. கம்பெனியும் ஊர்க்காரர்களும் இணையவழியில் நிதானமாகப் பேசிக்கொண்டால் என்ன? எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பேசியது பதிவாகவும் இருக்கும். நான் பொறியாளர், அப்படி ஒரு தளத்தை உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறீர்கள். அறிக்கைகளை எல்லாரும் பார்க்கும்படி வைக்க, கம்பெனி கொடுத்த வாக்கைத் தேதியோடு பதிந்துவைக்க, உங்கள் தளம் கட்டாயம் உதவும். ஆனால் கூட்டத்துக்குப் பதில் இதுதான் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

ஊரடங்கு சமயத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் இருந்தேன். ஒரு நிறுவனம் இணையவழிக் கலந்துரையாடல் வைத்திருந்தது. ஐந்தாறு பெண்கள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி பேச ஆரம்பித்தார். மீன் காயப்போடுகிற மணல்மேடு எது, படகை எங்கே ஏற்றுவார்கள், வாடைக் காற்றில் எங்கே நண்டு கிடைக்கும் என்று பத்து நிமிடம் சொன்னார். எங்கள் பக்கத்து மைக்கை அவர்கள் மியூட்டில் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. “கேள்விகளை சாட்டில் டைப் பண்ணுங்க” என்றார்கள். பேரன் தட்டினான்: ‘மீன்பிடி பாதிக்குமா?’ பதில் வந்தது: ‘பாதிக்காது. நன்றி.’ பாட்டி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நியமகிரியில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். ஒடிசாவில் ராயகடா, காளஹந்தி மாவட்டங்களில் இருக்கும் மலைத்தொடர் அது. உச்சியில் பாக்சைட், அலுமினியத்துக்கான தாது. வேதாந்தா நிறுவனம் அடிவாரத்தில், லாஞ்சிகரில், அலுமினா ஆலையையே கட்டிவிட்டு மலைக்காகக் காத்திருந்தது. 2010 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மலைமக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகள் கூடிச் சொல்லட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 12 ஊர்களில், நீதித்துறை அதிகாரி முன்னிலையில், சபை கூடியது. அங்கே வாழும் டோங்ரியா கோந்து பழங்குடி மக்களுக்கு அந்த மலை அவர்களின் தெய்வமான நியமராஜாவின் இடம். அதைத் தங்கள் வாயால், தங்கள் ஊரில் நின்று சொன்னார்கள். 12 ஊர்களும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் சுரங்கத்துக்கு இறுதியாக அனுமதி மறுத்தது.

அவர்கள் பேசுவது குவி. நம் தமிழுக்கு உறவுக்கார மொழி, திராவிடக் குடும்பம்தான். 2020இல் மத்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குப் புது வரைவை வெளியிட்டு, ஊரடங்கு காலத்தில் மின்னஞ்சல் வழியாகவும் கருத்து கேட்டதே, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்க்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். அந்த 22இல் குவி இல்லை.

கூச்சல் என்கிறீர்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லை, அது உண்மைதான். ஆனால் பேசியதன் சுருக்கத்தைக் கடைசியில் ஊர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. அப்போது ஒருவர் எழுந்து “நான் சொன்னது இதில் இல்லையே” என்று அதிகாரியின் முகத்துக்கு நேராகக் கேட்க முடியும். எத்தனை கூச்சல் இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் தளத்துக்கு வருவோம். எழுதத் தெரியாதவர் தன் பேச்சில் சொன்னதை, யாரும் சுருக்காமல், குரலாகவே பதிய வழி செய்யுங்கள். கம்பெனி அதை அழிக்க முடியாதபடியும் செய்யுங்கள். அப்புறம், ஓர் ஊர் கூடி ‘வேண்டாம்’ என்று முடிவெடுத்தால், அது உங்கள் தளத்தில் எந்த இடத்தில் பதிவாகும்? கட்டத் தொடங்குவதற்கு முன் இதற்கு மட்டும் எனக்குப் பதில் எழுதுங்கள்.