வேறு மதத்தாரிடம் வசனம் சொன்னால் எடுபடுமா? – கேள்வி பதில்

கேள்வி (மயிலாடுதுறை): ஐயா, டீக்கடையில் மதப் பேச்சு வந்தால் நண்பர் உடனே 'நானே வழி' என்று இயேசு சொல்லும் பைபிள் வசனத்தை, யோவான் 14:6ஐச் சொல்கிறார். நான் பதிலுக்குக் கீதை சொல்கிறேன். ரெண்டு பேருமே அசையிறதில்லை.

பதில்: எப்படி அசைவீர்கள்? எதிராளி ஏற்காத சாட்சியை ஆளுக்கொருவராகக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். இது நம் பக்கத்தில் பழைய வழக்கு. சைவ சித்தாந்தம் காண்டல் (நேரில் அறிவது), கருதல் (ஊகித்து அறிவது), உரை என்று மூன்று அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, ஏற்கிறது. உரை என்பது வேதமும் ஆகமமும். பௌத்தருக்கு முதல் இரண்டே போதும். மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்வதும் அதைத்தான். அதனால் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை ஆராயும் பரபக்கம் என்ற பகுதி என்ன செய்கிறது தெரியுமா? கண்ணால் காண்பதை மட்டுமே நம்பும் உலகாயதன் தொடங்கி ஒவ்வொரு மதத்துக்காரரின் கொள்கையையும் முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகுதான் மறுக்கிறது. மறுப்பு கடுமையாகவே இருக்கும். ஆனால் கேட்ட பிறகு.

கேள்வி (நாகூர்): அப்போ பாய்மார்கள் நாங்கள் வசனமே சொல்லக் கூடாதா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். 'நான் இதை நம்புகிறேன், காரணம் இந்த வரி' என்று சொல்லும்போது அது உங்களை அறிமுகப்படுத்துகிறது. 'ஆகவே நீயும் நம்பு' என்றால்தான் சிக்கல். 2006இல் போப் 16ஆம் பெனடிக்ட் ஜெர்மனியில் ஆற்றிய உரையில் இஸ்லாமைக் குறை கூறும் ஒரு பழைய மேற்கோள் வந்தது, அது முஸ்லிம்களிடம் பெரிய கசப்பைக் கிளப்பியது. அடுத்த ஆண்டு 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். பொதுவான ஒரு சொல்லின்பால் வாருங்கள் என்னும் குர்ஆன் 3:64ஐ வைத்து, பக்கத்திலேயே மாற்கு 12ஆம் அதிகாரத்தின் இறையன்பு, பிறரன்புக் கட்டளைகளையும் வைத்தார்கள். கிறிஸ்தவர்களின் வேதத்தைக் கிறிஸ்தவர்களே ஏற்கும் பொருளில் எடுத்தாண்டார்கள். 2008 நவம்பரில் வாடிகனில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியது.

கேள்வி (வேளாங்கண்ணி): பள்ளி விழாவில் மூன்று மத வசனமும் வாசிக்கிறோம். பயன் உண்டா?

பதில்: மரியாதைக்கு உண்டு. உரையாடல் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி (கும்பகோணம்): அடுத்தவர் நூலிலிருந்து நானே மேற்கோள் காட்டலாமா?

பதில்: பாதியில் நிறுத்தாமல் காட்டுங்கள். கீதை 9:23இல் 'பிற தெய்வங்களை வணங்குவோரும் என்னையே வணங்குகிறார்கள்' என்பதோடு நிறுத்துவார்கள். 'விதிமுறை வழுவி' என்ற முடிவு காணாமல் போகும். 'வேறே ஆடுகளும் எனக்கு உண்டு' என்ற யோவான் 10:16ஐ எல்லா மதமும் ஒன்று என்பதற்கு நம்மவர்கள் தூக்கி வருவார்கள். அதே வசனம் 'ஒரே மந்தை, ஒரே மேய்ப்பன்' என்று முடிகிறது. 'இதை உங்கள் பக்கம் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?' என்று கேட்டுவிடுவது உத்தமம்.

கேள்வி (தரங்கம்பாடி): 1706இல் இங்கே வந்த ஜெர்மானிய மதப் பரப்பாளர் சீகன்பால்கு வசனத்தால்தானே ஜெயித்தார்?

பதில்: வெற்றி தோல்வியை விடுங்கள். 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், வாதமும் செய்தார். எனக்குப் பிடித்தது வேறு. அவரும் சக ஊழியர் கிரண்ட்லரும் இந்தப் பகுதித் தமிழர்களுக்குக் கடிதத்தில் கேள்விகள் அனுப்பி, வந்த பதில்களை ஜெர்மன் மொழியில் ஹாலே நகரில் அச்சேற்ற வைத்தார்கள். நம் ஊர்க்காரர்கள் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே விளக்கியது அப்படித்தான் மிஞ்சியது.

கேள்வி (திருவாரூர்): குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா, இணைவைப்போரைக் கொல்லச் சொல்லும் குர்ஆன் 9:5ஐ மட்டும் அடிக்கடி அனுப்புகிறார்.

பதில்: 9:4, 9:6 இரண்டையும் வாசிக்கச் சொல்லுங்கள். முன்னது உடன்படிக்கையை மதித்தவர்களுக்கு விலக்கு தருகிறது. பின்னது அடைக்கலம் கேட்பவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கச் சொல்கிறது. பதிலடியாக மகாபாரதப் போர் வரிகளை மட்டும் தேடிப் போடாதீர்கள். சித்தப்பாவுக்கு அன்றைக்குத் தூக்கம் போய்விடும், உங்களுக்கும்தான்.