காசு பார்த்தது யாரு?

கேள்வி: ஜப்பான்ல லே ராலிஸ் டெனுடேன்னு ஒரு பழைய சைகடெலிக் (மயக்கம் தர்ற மாதிரி சவுண்டு போடற) ராக் பேண்டு. அவங்களோட '77 லைவ்' ஆல்பத்தை 2022ல வினைல்ல மறுபடி போட்டாங்க. வருஷக்கணக்கா நெட்ல ஓசியில கிடைக்கிறதுதானே, செத்துப்போன பாடகர் பேர்ல காசு பார்க்கிற வேலைதானே சார் இது?

பதில்: கிடையாது. காசு பார்த்தவங்க யாருன்னு முதல்ல பாருங்க. 1967ல கியோட்டோவுல தோஷிஷா யுனிவர்சிட்டி பசங்க ஆரம்பிச்ச பேண்டு இது, 1996 வரைக்கும் மேடை ஏறியிருக்காங்க, ஆனா பாடி கிட்டார் வாசிச்ச தகாஷி மிசுதானி முறையா வெளியிட்ட ஆல்பம்னா 1991ல வந்த 3 சிடிதான், அதுல ஒண்ணுதான் இந்த '77 லைவ்', அதுவும் கொஞ்சம் காப்பிதான் போட்டாங்க, சீக்கிரமே கடைகள்ல தீர்ந்துபோச்சு. அந்த இடைவெளியில பூட்லெக்காரங்க, அதாவது அனுமதி இல்லாம திருட்டுத்தனமா காப்பி போட்டு விக்கிறவங்க, பூந்து விளையாடிட்டாங்க. காப்பியோட காப்பியோட காப்பி, அதுக்கும் யானை விலை, அதுல மிசுதானிக்குப் போனது சல்லிக்காசு இல்ல. உழைச்சவன் ஒருத்தன், தின்னவன் இன்னொருத்தன். உங்க கோபம் அங்க போகட்டும்.

மிசுதானி 2019ல இறந்துட்டார், வெளியில தெரிஞ்சதே 2021லதான். அதுக்கப்புறம் பழைய டேப்புகளை எடுத்து சுத்தம் பண்ணி மாஸ்டரிங் (வெளியிடறதுக்கு முன்னாடி சவுண்டைக் கடைசியா சரிபண்ற வேலை) செஞ்சது மகோதோ குபோதா, ஒரு காலத்துல அதே பேண்டுல இருந்தவர். அந்த சவுண்டு எப்படி இருக்கணும்னு தெரிஞ்ச ஆள் கை வெச்சது ஏமாத்து வேலையா?

இந்த ஆல்பத்துல இருக்கறது 1977 மார்ச் 12, தோக்கியோ பக்கத்துல தச்சிகவாவுல ஒரு ஹால்ல வாசிச்சது. 'நைட் ஆஃப் தி அசாஸின்ஸ்' பாட்டை எடுத்துக்குங்க, 1963ல பெகி மார்ச் பாடி ஹிட்டான 'ஐ வில் ஃபாலோ ஹிம்' பாட்டோட பேஸ் லைன் (பேஸ் கிட்டார்ல அடியில ஓடற மெட்டு) அப்படியே இதுல வந்து மாறாம சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு மேல கிட்டார் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தம் கிட்டார்லயே திரும்பப் போய் எழும்பற கீச்சு) காதைக் கிழிக்கும், ஒரு கட்டத்துல எது மெட்டு எது இரைச்சல்னே பிரிக்க முடியாது. மட்டமான காப்பியில முதல்ல காணாமப் போறது அந்த பேஸ்தான், அது போனா வெறும் இரைச்சல்தான் மிச்சம், அதைக் கேட்டுட்டு "என்னய்யா பேண்டு இது"ன்னு ஓடிப்போனவங்க நிறைய. கடைசிப் பாட்டு மட்டுமே கிட்டத்தட்ட 25 நிமிஷம், அதுக்கு முழுசா உட்காரணும்.

நெட்ல கேளுங்க, பிடிக்கலைன்னா விட்டுருங்க. வாங்குறதா இருந்தா பின்னட்டையில டெம்போரல் டிரிஃப்ட் லேபிள் பேர் இருக்கான்னு பார்த்து வாங்குங்க, பூட்லெக் தட்டு இன்னமும் சந்தையில சுத்துது.